சிசிலியில் கிரேக்கக் கோயில்கள்: அவசரமில்லாமல் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிசிலித் தீவில் இருக்கும் கிரேக்கக் கோயில் இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். ஓரிடத்துக்கு அரை நாளாவது ஒதுக்கக்கூடியவர்களை மனத்தில் வைத்து எழுதியது. நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் அடிக்கடி மாறுவதால் அவற்றைத் தரவில்லை. கிளம்பும் முன் அந்தந்தத் தொல்லியல் பூங்காவின் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் விற்கும் தளங்களில் அதே சீட்டு கூடுதல் விலைக்கு இருக்கும்.

கிரேக்கக் கோயில் பாக்கணும்னா கிரீஸுக்குத்தானே போகணும்? இத்தாலிக்கு எதுக்கு?

கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்தே கிரேக்கர்கள் சிசிலியில் வந்து குடியேறினார்கள். சிராகூசாவைக் கொரிந்த் நகரத்தார் நிறுவினார்கள். இன்று அக்ரிஜென்ட்டோ என்று சொல்லும் அக்ரகாஸ், கி.மு. 580 வாக்கில் கேலா நகரத்தார் அமைத்தது. கோதுமையாலும் வணிகத்தாலும் இந்த ஊர்கள் கொழித்தன. கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் ஒன்றை ஒன்று மிஞ்சும்படி கோயில் எழுப்பின. கிரேக்க உலகில் சிதையாமல் நிற்கும் கோயில்களை எண்ணினால் அக்ரிஜென்ட்டோவின் கொன்கோர்தியா முதல் சிலவற்றுக்குள் வந்துவிடும்.

இன்னொரு காரணம் எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு கோயிலின் முழு வாழ்க்கையையும் இந்த ஒரே தீவில் பார்த்துவிடலாம். குசா கல்குவாரியில் தூண் இன்னும் பாறையோடு ஒட்டியிருக்கிறது. செஜெஸ்டாவில் கட்டுமானம் பாதியில் நிற்கிறது. அக்ரிஜென்ட்டோவில் கோயில் முழுதாக நிற்கிறது. செலினுன்ட்டேயில் விழுந்து கிடக்கிறது. சிராகூசாவில் தேவாலயத்துக்குள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் எந்த இடமும் வெறும் கல் குவியலாகத் தெரியாது.

எத்தனை நாள் வேணும்? எங்ககிட்ட அஞ்சு நாள்தான் இருக்கு.

நிதானமாகப் பார்க்கப் பத்து இரவுகள் சரியாக இருக்கும். பலெர்மோவில் 2, செலினுன்ட்டே அருகே கடலோரத்தில் 3, அக்ரிஜென்ட்டோவில் 2, சிராகூசாவின் ஒர்த்தீஜியா தீவில் 3. செலினுன்ட்டேயில் தங்கியே செஜெஸ்டாவுக்கும் குசாவுக்கும் போய் வரலாம்.

ஐந்து நாள்தான் என்றால் தீவைப் பாதியாக்குங்கள். மேற்கே பலெர்மோ, செஜெஸ்டா, செலினுன்ட்டே, அக்ரிஜென்ட்டோ போதும், சிராகூசாவை விட்டுவிடுங்கள். அக்ரிஜென்ட்டோவிலிருந்து சிராகூசாவுக்குக் காரிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு பயணத்துக்காக மற்ற எல்லாவற்றையும் நெருக்குவது வீண்.

ஒரே நாள்ல செஜெஸ்டா, செலினுன்ட்டே, அக்ரிஜென்ட்டோ மூணையும் முடிக்கலாம்னு டூர்காரர் சொல்றாரே?

தூரக்கணக்கில் முடியும். பலெர்மோவிலிருந்து செஜெஸ்டா ஒரு மணி நேரம், அங்கிருந்து செலினுன்ட்டே முக்கால் மணி சொச்சம், பிறகு அக்ரிஜென்ட்டோ ஒன்றரை மணி. ஆனால் நடுவிலுள்ள செலினுன்ட்டே உச்சிவெயிலில் சிக்கும். மூன்றிலும் பெரியது, நிழல் குறைந்தது அதுதான். வேனை விட்டு இறங்காமலே பாதிப்பேர் திரும்பும் இடமும் அதுவே. ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குசா மட்டும் விதிவிலக்கு, அதைச் செலினுன்ட்டேயோடு சேர்க்கலாம்.

எந்த மாசம் போறது நல்லது? நமக்கு வெயில் பழக்கம்தானே?

ஏப்ரல், மே அல்லது அக்டோபர். வெயில் பழக்கம் என்பதை நம்பி ஆகஸ்டில் போகாதீர்கள். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசா அருகே 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பியக் கண்டத்தில் இதுவரை பதிவான உச்சம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று சேர்ந்தால் மஞ்சள் கல் முழுவதும் அனல் கக்கும். கோடையில்தான் போக முடியும் என்றால் காலை கதவு திறந்ததும் உள்ளே போய் 11 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள், அல்லது மாலை 5 மணிக்கு மேல் போங்கள்.

பிப்ரவரியில் அக்ரிஜென்ட்டோ பள்ளத்தாக்கில் வாதுமை மரங்கள் பூக்கும், கூட்டமும் இருக்காது. குளிரும் மழையும் வரும் என்பதால் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் அக்ரிஜென்ட்டோவில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. தங்குமிடத்தில் தொட்டி வசதி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

விசா தனியா எடுக்கணுமா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்குக் காப்பீடு கட்டாயம்.

கார் எடுக்கணுமா, பஸ் ரயில் போதுமா?

பலெர்மோவிலிருந்து அக்ரிஜென்ட்டோவுக்கு நேர் ரயில் இருக்கிறது, சுமார் 2 மணி நேரம். கட்டானியாவிலிருந்து சிராகூசாவுக்கும் ரயில் சுலபம். இந்த இரண்டு ஊருக்கும் கார் தேவையே இல்லை. சிக்கல் மேற்குப் பக்கம்தான். செலினுன்ட்டேவுக்குக் காஸ்தெல்வெத்ரானோ ஊரில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும். செஜெஸ்டாவுக்குப் பலெர்மோ, திராப்பானி இரண்டிலிருந்தும் பேருந்து வரும், ஆனால் எண்ணிக்கை குறைவு. ஞாயிறன்று இன்னும் குறைவு. போகும் பேருந்தைவிடத் திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்று முதலில் பாருங்கள். குசாவுக்குக் கார் அல்லது வாடகை வண்டிதான்.

கார் எடுப்பதானால் பலெர்மோவை விட்டுக் கிளம்பும் நாளில் எடுத்து, சிராகூசா போய்ச் சேர்ந்ததும் திருப்பிக் கொடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் குறைவு, முன்பே சொல்லி வைக்க வேண்டும். பழைய நகரப் பகுதிகளில் இசட்.டி.எல். என்று பலகை இருந்தால் அனுமதி இல்லாத வண்டி உள்ளே போகக் கூடாது. கேமரா படம் எடுத்துவிடும். அபராதம் சில மாதம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வந்து சேரும். ஒர்த்தீஜியாவில் பலர் மாட்டுவது இதில்தான். நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கியது.

கோயில்தானே, செருப்பைக் கழட்டணுமா? டிரெஸ் எப்படி?

கழற்ற வேண்டாம். கழற்றினால் காலில் முள்தான் ஏறும். அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் மூடிய காலணி போடுங்கள். பலர் நடந்து தேய்ந்த சுண்ணாம்புக் கற்கள் மழை பெய்தால் வழுக்கும், காய்ந்த புல்லில் சின்னக் கற்கள் உருளும். தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். குடையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மேட்டில் காற்று பலமாக அடிக்கும்.

சிராகூசாவில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே கோயில் இப்போது பேராலயம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்கள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். புடவையோ சல்வாரோ என்றால் எந்தக் கவலையும் இல்லை.

உள்ள போகலாமா? கருவறை எங்க இருக்கு?

செலினுன்ட்டேயில் 'ஈ' கோயிலுக்குள் ஏறி நடக்கலாம். அந்த அனுபவம் மற்ற இடங்களில் கிடைக்காது, தவறவிடாதீர்கள். கொன்கோர்தியாவுக்கு வேலி உண்டு, சுற்றித்தான் வர முடியும். செஜெஸ்டாவிலும் பெரும்பாலும் தடுப்பு இருக்கும்.

கிரேக்கக் கோயிலில் தூண் வரிசை வெளிச்சுற்று. அதற்குள் சுவர் எழுப்பிய நீள் அறைதான் தெய்வச் சிலை இருந்த இடம். மக்கள் கூடி நின்று வழிபட்டது அந்த அறைக்குள் இல்லை. பலிபீடம் வெளியே, வழக்கமாகக் கிழக்கு முகப்புக்கு எதிரே இருக்கும். அதனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் கிழக்கே இருபது முப்பது அடி தள்ளிப் போய்த் தரையைப் பாருங்கள். தாழ்ந்த நீள் மேடை தெரிந்தால் திருவிழா நடந்த இடம் அதுதான். அக்ரிஜென்ட்டோவில் ஹேரா கோயில் முன்னால் இது நன்றாகத் தெரியும். வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூணைப் படம் எடுப்பார்கள்.

எல்லாம் ஒரே மாதிரித் தூணா இருக்கு. ரெண்டாவது கோயில்லயே சலிச்சுடாதா?

எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாவிட்டால் சலிக்கும். இங்குள்ளவை பெரும்பாலும் தோரிக் பாணி. தூணுக்கு அடிப்பீடம் இல்லை, நேராகத் தளத்தில் நிற்கும். உடம்பில் வழக்கமாக 20 நீள் பள்ளங்கள். மேலே தட்டுப் போன்ற தூண்தலை, அதற்கு மேல் சதுரப் பலகை, பிறகு உத்தரம். உத்தரத்துக்கு மேலுள்ள பட்டையில் மூன்று வரி செதுக்கிய ட்ரிக்லிஃபும் சிற்பம் வைக்கும் மெட்டோப்பும் மாறி மாறி வரும். தூண்தலையைப் பார்த்தே வயதைக் கணிக்கலாம். பழைய கோயிலில் அது அகன்று, சப்பையாகப் பிதுங்கியிருக்கும். காலம் போகப் போக இறுகி, நேர்சாய்வாகும். அக்ரிஜென்ட்டோவில் ஹெராக்லிஸ் கோயில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசி, கொன்கோர்தியா கி.மு. 440, 430 வாக்கில். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சில நிமிட நடை. அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

அடுத்தது மூலை. ஒவ்வொரு தூணின் நடுவுக்கு நேர் மேலே ஒரு ட்ரிக்லிஃப் வர வேண்டும் என்பது முறை. பட்டையின் கோடியில் ட்ரிக்லிஃப் மூலையை ஒட்டி முடிய வேண்டும் என்பதும் முறை. மூலைத் தூணில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. கட்டியவர்கள் கண்ட வழி, மூலைத் தூணை உள்பக்கம் நகர்த்தி இடைவெளியைக் குறைப்பது. கொன்கோர்தியாவில் ஒரே இடைவெளியில் குறைத்தால் உறுத்தும் என்று கடைசி இரண்டு இடைவெளிகளிலும் படிப்படியாகக் குறைத்திருக்கிறார்கள். முகப்புக்கு நேரே நின்று நடு இடைவெளியையும் ஓர இடைவெளியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு எந்தக் கோயிலிலும் கண் முதலில் மூலைக்குத்தான் போகும்.

மூன்றாவது, விழுந்த தூண் துண்டின் வெட்டுமுகம். நடுவில் ஒரு சதுரக் குழி இருக்கும். மேல் துண்டும் கீழ்த் துண்டும் அச்சு விலகாமல் பொருந்த, அதில் மரக்கட்டை செருகி நடுவில் முளை வைத்தார்கள். துண்டுகளுக்கு இடையே சாந்து கிடையாது, கல்லின் எடைதான் பிடிமானம்.

அக்ரிஜென்ட்டோவுல ரெண்டு வாசல் இருக்காமே, எதுல நுழையறது?

காலை என்றால் மேட்டிலுள்ள ஹேரா கோயில் வாசல். அங்கிருந்து மேற்கே போகும் பாதை இறக்கமாகவே இருக்கும். சூரியன் முதுகுப் பக்கம், கோயில்களின் கிழக்கு முகப்பில் வெளிச்சம். ஹேரா, கொன்கோர்தியா, ஹெராக்லிஸ், பிறகு சாலையைத் தாண்டி ஸெயுஸ், கடைசியில் தியோஸ்கூரி என்று வரிசையாக வரும். மொத்தம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம், மூன்று நான்கு மணி நேரம் கொடுங்கள். முடியும் இடம் ஐந்தாம் வாசல் எனப்படும் போர்த்தா குவிந்தா. காரை எந்த வாசலில் விட்டாலும் திரும்பி வரவேண்டிய சிக்கல் உண்டு. ஐந்தாம் வாசலில் விட்டுவிட்டு வாடகை வண்டியில் மேல் வாசலுக்குப் போய் இறங்கி நடப்பது நல்லது. முதலிலேயே செலவழித்துவிட்டால் களைத்த பிறகு வண்டி தேட வேண்டியதில்லை.

ஸெயுஸ் கோயிலில் அவசரப்படாதீர்கள். பார்வைக்கு அது வெறும் கல் மலை. ஆனால் அளவு சுமார் 112 மீட்டருக்கு 56 மீட்டர், தோரிக் கோயில்களிலேயே மிகப் பெரியது. கடைசிவரை முடிக்கப்படவில்லை. தூண்களைத் தனியே நிறுத்தாமல் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களாகக் கட்டினார்கள். அதன் ஒரு பள்ளத்துக்குள் ஓர் ஆள் நிற்கலாம் என்று தியோதோரஸ் என்ற பண்டைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கிடக்கும் துண்டின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது மிகையில்லை என்று தெரியும். அங்குள்ள சதுரக் கற்களின் ஓரத்தில் 'யு' வடிவ வாய்க்கால் வெட்டியிருக்கும். கயிற்றை அதில் செருகித் தூக்கினார்கள். கல் அமர்ந்த பிறகு கயிற்றை உருவிக்கொள்ளலாம்.

தலைக்கு மேல் கை மடக்கி உத்தரத்தைத் தாங்கும் தெலமோன் என்ற ஏழரை மீட்டர் ஆள் உருவம் தரையில் படுத்திருப்பது நகல். மூலம் ஊருக்குப் போகும் வழியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2024இல் வேறொரு தெலமோனை உடைந்த துண்டுகளிலிருந்து சேர்த்து இடத்திலேயே நிமிர்த்தி வைத்தார்கள்.

செலினுன்ட்டேயில கோயிலுக்கு ஏன் எழுத்துப் பேரு? அங்க பெரும்பாலும் கல்லுதானே கிடக்கு?

எந்தத் தெய்வத்துக்கு எது என்று உறுதியாகத் தெரியாததால் ஆய்வாளர்கள் ஏ, சி, ஈ, எஃப், ஜி, ஓ என்று எழுத்தாலேயே குறித்தார்கள். நேர்மையான ஏற்பாடு. மற்ற ஊர்களில் நிலைமை வேறு. கடைசிக்கு முந்தைய கேள்வியைப் பாருங்கள்.

இடம் மிகப் பெரியது. நுழைவாயில் அருகே கிழக்குக் குன்றில் ஈ, எஃப், ஜி. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கடலோர மேட்டில் பழைய நகரமும் சி கோயிலும். இரண்டுக்கும் நடுவே மின்வண்டி ஓடும், போகும்போது ஏறிக்கொண்டு திரும்பும்போது நடங்கள். கிடக்கும் கல்தான் இங்கே பாடம். ஜி கோயிலின் தூண்கள் 16 மீட்டர் உயரம் இருந்தவை. விழுந்த துண்டுகளில் சிலவற்றில் பள்ளம் செதுக்கியிருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒரே கோயிலில் வேலை முடிந்த தூணும் முடியாத தூணும் இருந்ததற்கு அதுவே சாட்சி. குவியலின் மேல் ஏறக் கூடாது, கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா சாய்ந்துதான் கிடக்கின்றன.

குசா கல்குவாரின்னு ஒண்ணு சொல்றாங்களே, அவ்வளவு தூரம் போகணுமா?

போக வேண்டும். காம்போபெல்லோ தி மத்ஸாரா ஊருக்கு அருகே, ஒலிவ மரங்களுக்கு நடுவே இருக்கிறது. செலினுன்ட்டேவுக்குத் தூண் போன இடம். பாறையில் வட்டம் கீறி, சுற்றிலும் ஓர் ஆள் நின்று வேலை செய்யும் அளவுக்கு அகழ்ந்து இறங்கியிருக்கிறார்கள். நடுவில் தூண் துண்டு மட்டும் நிற்கும், அடி இன்னும் பாறையோடு ஒட்டியிருக்கும். சில துண்டுகள் மூன்று மீட்டர் அகலம். பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தால் உளித்தடம் சாய்ந்த கோடுகளாகத் தட்டுப்படும். கி.மு. 409இல் நகரம் விழுந்ததோடு வேலை நின்றதாகக் கருதப்படுகிறது. ஒன்றரை மணி நேரம் போதும். கடை, குடிநீர் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

செஜெஸ்டா கோயில் கூரை எப்ப விழுந்துச்சு?

விழவில்லை, போடவே இல்லை. 36 தூண்களும் உத்தரமும் முகப்பு முக்கோணமும் எழுந்த நிலையில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேலை நின்றுவிட்டது. உள்ளே அறைச் சுவர் இல்லை. தூண்களில் பள்ளம் வெட்டவில்லை. படிக்கற்களில் சிறு குமிழ்கள் துருத்திக்கொண்டிருப்பதைப் பாருங்கள். கல்லைத் தூக்கவும் நகர்த்தவும் விட்டுவைத்த பிடிகள் அவை. கடைசியில் செதுக்கி எடுத்துவிடுவார்கள், இங்கே அந்தக் கடைசி வரவில்லை. முடிந்த கோயிலில் எதையெல்லாம் அழித்துவிடுவார்கள் என்பதை இங்கேதான் பார்க்க முடியும். கட்டியவர்கள் கிரேக்கரும் அல்லர். எலிமியர் என்ற உள்ளூர் மக்கள் கிரேக்கப் பாணியை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் வாசலிலிருந்து சிறு பேருந்தில் பார்பரோ மலைமேலுள்ள அரங்கத்துக்குப் போங்கள். இறங்கும்போது நடந்து வந்தால் வழியெல்லாம் கோயில் எதிரே தெரியும். கோயிலுக்கு அதன் பிறகு ஏறுங்கள்.

பலெர்மோ மியூசியத்தை முதல்ல பாக்கணுமா, கடைசியிலயா?

முதலில். செலினுன்ட்டேயின் மெட்டோப் சிற்பங்கள் பலெர்மோவில் சாலினாஸ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் உத்தரத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தை மனத்தால் நிரப்பிக்கொள்ளலாம். ஈ கோயிலின் பலகைகளை அருகில் நின்று பாருங்கள். உருவம் முழுக்க உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். பெண்களின் முகம், கை, பாதம் மட்டும் வெள்ளைப் பளிங்கைத் தனியே செதுக்கிப் பொருத்தியது. ஹேரா முகத்திரையை விலக்கும் பலகையில் ஒட்டின கோடு தெளிவாகத் தெரியும். தீவின் அருங்காட்சியகங்கள் பல திங்களன்றும் ஞாயிறு பிற்பகலிலும் மூடியிருக்கும், நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

கலர் பூசியிருந்தாங்கன்னு சொல்றாங்க. கல்லு மஞ்சளாத்தானே இருக்கு?

அக்ரிஜென்ட்டோ கல் சிப்பிகள் கலந்த மென்மையான கல், உற்றுப் பார்த்தால் ஓடுகள் தெரியும். அதன் மேல் வெள்ளைச் சுண்ணச் சாந்து பூசிப் பளிங்கு போலாக்கினார்கள். மேல்பகுதியில் சிவப்பும் நீலமும் தீட்டினார்கள். அந்தப் பூச்சு போனதால்தான் காற்று இன்று தூண்களை அரிக்கிறது. ஹேரா கோயிலில் சில கற்கள் செவந்திருப்பது வண்ணம் அல்ல. கி.மு. 406இல் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் படை வைத்த தீயின் சூடு என்பார்கள்.

வரலாறு எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்?

நான்கு ஆண்டுகள் போதும், எல்லா இடத்தையும் அவை கோத்துவிடும். கி.மு. 480: ஹிமேரா போரில் சிராகூசாவும் அக்ரகாஸும் சேர்ந்து கார்த்தேஜை வென்றன. அந்த வெற்றிக்குப் பிறகுதான் சிராகூசாவின் அதீனா கோயிலும் அக்ரகாஸின் ஸெயுஸ் கோயிலும் எழுந்தன. கி.மு. 415: எல்லைத் தகராறில் செலினுன்ட்டேவுக்கு எதிராகச் செஜெஸ்டா ஏதென்ஸை அழைத்தது. இரவல் வாங்கிய தங்க, வெள்ளிப் பாத்திரங்களை விருந்துக்கு விருந்து மாற்றிக் காட்டி, தூதர்களிடம் தங்களைப் பணக்காரர்களாகக் காட்டிக்கொண்டார்கள் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துகிதிதீஸ் எழுதுகிறார். ஏதென்ஸ் படை சிராகூசாவில் அழிந்தது. பிடிபட்ட 7,000 பேருக்குக் குறையாதவர்கள் அங்குள்ள கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். இன்று நியாப்போலிஸ் பூங்காவில் எலுமிச்சை மரங்களோடு குளிர்ச்சியாக இருக்கும் பள்ளங்கள் அத்தகைய குவாரிகள்தான்.

கி.மு. 409: செஜெஸ்டா இந்த முறை கார்த்தேஜை அழைத்தது. செலினுன்ட்டே ஒன்பது நாள் முற்றுகையில் விழுந்தது. கி.மு. 406: அக்ரகாஸும் கார்த்தேஜிடம் விழுந்தது.

சர்ச்சுக்குள்ள கோயில் இருக்குன்றது உண்மையா?

உண்மை. சிராகூசா பேராலயம் அதீனா கோயிலேதான். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளைச் சுவர் வைத்து அடைத்தார்கள், உள்ளறைச் சுவர்களை வளைவுகளாகக் குடைந்தார்கள். வெளிச்சுற்று பக்கவாட்டு நடையானது. முகப்பு 18ஆம் நூற்றாண்டுப் பரோக் வேலை. அதைப் பார்த்தால் கோயில் என்று சந்தேகமே வராது. இடப்பக்கம் மினர்வா தெருவில் திரும்புங்கள். சுவருக்குள்ளிருந்து தோரிக் தூண்கள் பாதி வெளியே வந்து நிற்கும், தூண்தலையோடு. கிரேக்கர்கள் கிழக்கிலிருந்து நுழைந்தார்கள், இப்போது நுழைவது மேற்கிலிருந்து, திசையைத் திருப்பிவிட்டார்கள். காலை வழிபாடு முடிந்த பிறகு போவது மரியாதை.

கொன்கோர்தியா முழுதாக நிற்பதற்கும் இதே காரணம். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது தேவாலயமானது. 18ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சேர்க்கைகளை நீக்கியபோது, உள்சுவரில் குடைந்த வளைவுகள் மட்டும் தங்கிவிட்டன. வெளியிலிருந்தே தெரியும்.

சைவம் சாப்பிடறவங்க என்ன செய்யறது?

தட்டுப்பாடு இல்லை. கடலைமாவை வேகவைத்து வில்லையாகப் பொரிக்கும் பானெல்லே, கத்தரிக்காய்க் கபோனாத்தா, கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த பாஸ்தா அல்லா நோர்மா, காலையில் வாதுமைக் கிரனீத்தா. செலினுன்ட்டே பக்கம் காஸ்தெல்வெத்ரானோவின் கறுப்பு ரொட்டியும் பச்சை ஒலிவக்காயும் வாங்கிக்கொள்ளுங்கள், மதியத்துக்கு அதுவே போதும். ஏமாறும் இடம் இரண்டு. அரான்சினா உருண்டையில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், வெண்ணெய் வகை என்று சொல்வதிலும் பன்றி இறைச்சித் துண்டு வரும். பானே குன்சாத்தோ ரொட்டியில் நெத்திலி வைப்பார்கள். "சென்ஸா அச்சூகே" என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள். உணவகங்கள் பிற்பகல் மூன்று மணிவாக்கில் மூடி இரவு ஏழரைக்கு மேல்தான் திறக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

சிராகூசா எளிது. அக்ரிஜென்ட்டோவில் மேலே சொன்ன இறக்கப் பாதை அகலமானது, வழியில் உட்கார இடம் உண்டு. செலினுன்ட்டேயில் மின்வண்டி இருக்கிறது. செஜெஸ்டாதான் கடினம், அரங்கத்துக்குப் பேருந்து உண்டு, கோயிலுக்கு ஏற்றம் ஏறித்தான் ஆக வேண்டும். கழிவறை பெரும்பாலும் வாசலில்தான், நுழையும் முன்பே போய்விடுங்கள்.

மாசத்தோட முதல் ஞாயிறு இலவசமாமே?

ஆம். அன்று உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் வருவார்கள். பணத்தைவிட அமைதி முக்கியம் என்றால் வேறு நாள் போங்கள்.

இடிச்சது யாரு? போரா, பூகம்பமா?

கல்லே சொல்லும். தூண் துண்டுகள் நறுக்கிப் போட்ட வாழைத்தண்டு போல ஒரே திசையில் வரிசையாகக் கிடந்தால் நிலநடுக்கம். செலினுன்ட்டேயில் பல இடங்களில் இதைப் பார்க்கலாம். தீ பட்டுச் சிவந்த கல் போர். விழுந்த துண்டுகளே காணோம், அடித்தளம் மட்டும் இருக்கிறது என்றால் கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். அக்ரிஜென்ட்டோ ஸெயுஸ் கோயிலின் கற்கள் 18ஆம் நூற்றாண்டில் போர்த்தோ எம்பெதோக்லே துறைமுகம் கட்டப் போயின. பெரும்பாலான இடங்களில் மூன்றும் கலந்திருக்கும். படை நகரத்தைத்தான் குறிவைத்தது. பெரிய தூண்களைச் சாய்ப்பது படைக்கு வீண் வேலை.

பேரெல்லாம் நிஜப் பேருதானா?

பாதிக்கு மேல் பிற்காலத்தில் ஒட்டியவை. கொன்கோர்தியா என்பது அருகே கிடைத்த ஒரு லத்தீன் கல்வெட்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்த பெயர்; கல்வெட்டுக்கும் கோயிலுக்கும் தொடர்பு இல்லை. உள்ளே எந்தத் தெய்வம் இருந்தது என்பதற்குச் சான்று கிடையாது. ஹேரா, தியோஸ்கூரி பெயர்களும் வழக்கில் வந்தவைதான். ஸெயுஸ் கோயிலின் பெயரும் சிராகூசா அதீனாவின் பெயரும் பண்டைய எழுத்துகளின் ஆதாரம் உள்ளவை.

பாக்கறது நிஜமா பழசா, திரும்பக் கட்டினதா? தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது. கொன்கோர்தியா, செஜெஸ்டா இரண்டும் பெருமளவு அப்படியே நின்றவை. ஹெராக்லிஸ் கோயிலின் எட்டுத் தூண்கள், அலெக்சாண்டர் ஹார்ட்காஸ்ல் என்ற ஆங்கிலேயர் பணம் போட்டு 1920களில் நிமிர்த்தியவை. படங்களில் அதிகம் வரும் தியோஸ்கூரியின் நான்கு தூண் மூலை, 19ஆம் நூற்றாண்டில் வெவ்வேறு கட்டடங்களின் துண்டுகளைச் சேர்த்து எழுப்பியது. அழகான மூலைதான், ஆனால் அப்படி ஒரு கோயில் இருந்ததில்லை. செலினுன்ட்டேயின் ஈ கோயில் 1950களின் இறுதியில் நிமிர்த்தப்பட்டது. தூணில் நிறம் மாறிய, வழவழப்பான ஒட்டுகள் தெரிந்தால் அது சிமென்ட்.

ஈ கோயிலை நிமிர்த்தியது சரியா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். விழுந்த கிடப்பே ஒரு சான்று, அதைக் கலைத்துவிட்டார்கள் என்பது ஒரு பக்கம். உள்ளே நடந்து பார்க்க ஒரு கோயிலாவது வேண்டாமா என்பது மறுபக்கம். ஈ கோயிலின் படியில் உட்கார்ந்தால் விழுந்தபடியே விட்டுவைத்த எஃப் பக்கத்திலேயே தெரியும், அதற்கு அப்பால் ஜி. ஈயை நிமிர்த்தியது நல்லது என்றும், மற்ற இரண்டையும் தொடாமல் விட வேண்டும் என்றும் நாங்கள் நினைக்கிறோம்.